காட்டு வழியும் சட்ட வழியும்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் சொந்தக் கிராமத்திற்குத் திரும்பும் கமக்காரக் குடும்பம் முதலில் தேடுவது வீட்டின் அத்திவாரத்தையும் கிணற்றையும் வயலுக்குப் போகும் பாதையையும்தான். அத்திவாரம் பற்றைகளுக்குள் கிடக்கும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் கொள்ளலாம். ஆனால் வண்டில் போன பாதையைக் காணமுடிவதில்லை. அது போன இடத்தில் பாலையும் வீரையும் வளர்ந்து நிற்கின்றன. அருகே ஓர் எல்லைக்கல்லும் நடப்பட்டிருக்கிறது.

"எங்கள் பாட்டன் காலத்துப் பாதை இது. இதை வெட்டித் திறக்க யாரிடம் கேட்கவேண்டும்?" என்று பலர் எம்மிடம் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்காமலே பெக்கோ இயந்திரத்தை இறக்கிவிட்டு, பின்னர் நீதிமன்றப் படியேறுவோரும் உள்ளனர். ஆகவே காப்புக் காடுகளிலும் வனவிலங்குப் பகுதிகளிலும் வீதிகள், நடைபாதைகள் பற்றிய விதிகளை இப்பாடத்தில் சேர்ந்து ஆராய்வோம்.

1. நாம் நிற்கும் நிலம் எது?

"காடு" என்று நாம் ஒரே சொல்லாற் குறிப்பிடுவதைச் சட்டம் பல வகையாகப் பிரிக்கிறது. எந்த வகை என்பதைப் பொறுத்தே பாதையின் விதியும் மாறும்.

வனபரிபாலனத் திணைக்களத்தின் கீழுள்ள காடுகளை 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. இது 2009 இல் பெருமளவு திருத்தப்பட்டது. இதன்கீழ் பேணற் காடு, ஒதுக்குக் காடு, கிராமக் காடு என்ற வகைகள் உள்ளன. இவ்வாறு பிரகடனம் செய்யப்படாத ஏனைய அரச காடுகளும் உண்டு.

வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள பகுதிகளை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. கடும் இயற்கை ஒதுக்கம், தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம், சரணாலயம் முதலியன இதில் அடங்கும்.

வன்னி மக்களுக்குத் தெரிந்த இரண்டு இடங்களைப் பார்ப்போம். சுண்டிக்குளம் 1938 இலும் மடுவீதி 1968 இலும் சரணாலயங்களாக்கப்பட்டன. சரணாலயத்தினுள் தனியார் காணியும் இருக்கலாம். உட்செல்வதற்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை. 2015 யூன் மாதத்தில் இவ்விரண்டும் தேசிய பூங்காக்களாகத் தரமுயர்த்தப்பட்டன. தேசிய பூங்காவிற்குள் அனுமதியின்றி நுழையமுடியாது. மரமும் மண்ணும் பாதையும் மாறவில்லை. வர்த்தமானியில் வகையின் பெயர் மாறியது, அதனுடன் பாதையின் சட்டமும் மாறியது. "முன்பு போய்வந்தோம்" என்று சொல்வது மட்டும் போதாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2. சட்டம் தடுப்பவை

ஒதுக்குக் காட்டினுள் அனுமதியின்றி நுழைவதும், மாடுகளை உட்செல்ல விடுவதும், மரம் தறிப்பதும், நிலத்தைத் துப்புரவாக்குவதும், தீ வைப்பதும், குடிசை போடுவதும் குற்றங்களாகும். பற்றை வெட்டாமல் புதுப் பாதை அமையாது. எனவே பாதை திறப்பது காடு துப்புரவாக்குவதாகவே கொள்ளப்படும். "நாங்கள் காணி பிடிக்கவில்லை, வழிதான் வெட்டினோம்" என்ற விளக்கம் வழக்கில் உதவாது.

தேசிய பூங்காவில் வாகனங்கள் குறித்த பாதையிலேயே செல்லவேண்டும். அனுமதித்த இடங்களிலன்றி இறங்கக்கூடாது. பொதுவாகக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையே பூங்காக்கள் திறந்திருக்கும். மக்கள் கால்நடையாகச் சுற்றிப்பார்க்க இடமுள்ள ஹோட்டன் சமவெளியிற்கூட குறித்த பாதையை விட்டு விலகுவது தடை.

3. ஒரு மைலும் ஒரு ஹெக்டெயரும்

இரண்டு அளவுகளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

முதலாவது, ஒரு மைல். தேசிய பூங்கா போன்ற தேசிய ஒதுக்கம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைல் (1.6 கிலோ மீற்றர்) தூரத்திற்குள் எவ்வகையான அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களத் தலைவரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். இவ்விதி 1993 இல் சேர்க்கப்பட்டது. அதாவது, வீதி காட்டிற்கு வெளியே, உங்கள் கிராமத்தினுள்ளேயே இருந்தாலும் விதி பொருந்தலாம். பிரதேச சபையோ வேறு நிறுவனமோ வீதி போட்டுத் தருவதாகக் கூறும்போது, "ஒரு மைல் அனுமதி பெற்றுவிட்டீர்களா?" என்று கேட்பது உங்கள் கடமை.

இரண்டாவது, ஒரு ஹெக்டெயர். ஒரு ஹெக்டெயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதானால், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் முதலில் சுற்றாடல் பாதிப்பு ஆராயப்பட்டு அங்கீகாரம் பெறப்படவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீற்றர் அகலத்தில் 2 கிலோ மீற்றர் நீளத்திற்கு வெட்டும் வீதி 10,000 சதுர மீற்றரைப் பிடிக்கும். அதுவே ஒரு ஹெக்டெயர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அதே தூரத்திற்கு ஒரு மீற்றர் அகலமான நடைபாதைக்கு அரை ஏக்கர் போதும். எனவே எமக்குத் தேவையானது உழவு இயந்திரம் போகும் வீதியா, சைக்கிள் போகும் பாதையா என்பதை முதலில் தீர்மானிப்போம். கேட்பது சிறிதாக இருந்தால் கிடைப்பதும் எளிதாகலாம்.

4. இக்கட்டுப்பாடு எதற்கு?

இவ்விதிகள் எம்மை வருத்துவதற்காகவே உள்ளன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காட்டினூடாக ஒரு வீதி திறந்தபின் நடப்பதை நாமே கண்டிருக்கிறோம். மரம் கடத்தும் வாகனமும் அதே வீதியால் வருகிறது. கட்டுத்துவக்கும் சுருக்கும் வைப்பவர்கள் வருகிறார்கள். ஓரங்களில் வளரும் கினிப்புல் கோடையிற் காய்ந்து, எறிந்த ஒரு பீடித் துண்டிற் பற்றிக் கொள்கிறது. வடிகால் இல்லாத மண்பாதை மாரியில் வாய்க்காலாக மாறி, வண்டலைக் குளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குளம் தூர்ந்தால் நட்டம் எமது வயலுக்கே.

வடக்கில் இன்னொரு காரணமும் உண்டு. கண்ணிவெடி அகற்றும் பணி எல்லா இடங்களிலும் முடிந்துவிடவில்லை. அகற்றியதாக உறுதி செய்யப்பட்ட பாதையை விட்டுக் குறுக்கு வழி தேடுவது உயிருக்கே ஆபத்து. சிவப்பு அடையாளம் கண்ட இடத்தில் ஓர் அடியும் முன்வைக்காதீர்கள். வந்த வழியே திரும்புங்கள்.

5. முசலி தரும் பாடம்

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார் மாவட்டம் முசலிப் பிரிவில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி போன்ற கிராமங்கள் வெறுமையாயின. அம்மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். 2009 இல் யுத்தம் முடிந்தபின் அவர்கள் திரும்பத் தொடங்கியபோது ஊர்களின் மேல் காடு வளர்ந்திருந்தது. 2012 ஒக்டோபரில் அப்பகுதிக் காடுகள் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2017 மார்ச்சில் 40,000 ஹெக்டெயருக்கு மேற்பட்ட பரப்பு மாவில்லு பேணற் காடு ஆக்கப்பட்டது. கல்லாறு காட்டில் குடியேற்றத்திற்காக நடந்த துப்புரவு சட்டவிரோதமானது என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, அழிந்த காட்டை மீள நடும்படி கட்டளையிட்டது.

இதே பகுதியை ஒட்டியதுதான் வில்பத்து வீதிப் பிரச்சினையும். புத்தளத்தையும் மன்னாரையும் எழுவன்குளம், மறிச்சுக்கட்டி ஊடாக இணைக்கும் பழைய வீதி, 1938 இல் பிரகடனமான வில்பத்து தேசிய பூங்காவினுள் செல்கிறது. 2010 இல் அது போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டபோது, திரும்பிவரும் மக்களுக்கு அது அநுராதபுரம் சுற்றிப் போகாத நேர்வழியாயிற்று. பூங்காவைப் பிளக்கும் வீதி என்று கூறிச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின.

யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. இங்கே மக்களின் ஊர் நினைவும் உண்மை; காட்டின் வர்த்தமானியும் உண்மை. ஆனால் பிணக்கு வரும்போது மேசையில் வைக்கப்படுவது ஆவணமே. பிறர் காட்டிய இடத்தில், பிறர் வெட்டிய வீதியில் நம்பிக் குடியேறினாலும், அனுமதி இல்லாவிட்டால் இறுதியில் அலையவேண்டியவை அக்குடும்பங்களே.

6. விதியோடு திறக்கும் பாதை

காப்பு நிலத்தில் மக்களுக்கு வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை போகும் மக்கள் உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளினூடாகவே நடக்கிறார்கள். ஆண்டுதோறும் குறித்த நாட்களுக்குக் காட்டு வாசல் திறக்கப்படுகிறது. குறித்த வழியில் நடந்து, குறித்த இடங்களில் தங்கி, கும்புக்கன் ஓயாவைக் கடந்து செல்கிறார்கள். நாட்கள் முடிந்ததும் வாசல் மூடப்படுகிறது. தேசிய பூங்காவினுள்ளும் மரபுவழிப் பாதை ஒன்று விதியோடு வாழமுடியும் என்பதற்கு இது சான்று. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் மட்டும் திறக்கும் வயற்பாதை ஒன்றை நாமும் இவ்வாறு கேட்டுப்பார்க்கலாம்.

7. நாம் செய்யவேண்டியவை

அ. கத்தி எடுக்குமுன் கடதாசி எடுங்கள். அந்த நிலத்தின் வகை என்ன, வர்த்தமானித் திகதி என்ன, எல்லை எது என்பதைப் பிரதேச செயலகத்திலும் மாவட்ட வன அலுவலரிடமும் கேட்டறியுங்கள். வாயாற் கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தரப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்கவேண்டும்.

ஆ. பாதை இருந்ததற்குச் சான்று தேடுங்கள். பழைய உறுதியிலோ காணி அனுமதிப்பத்திரத்திலோ எல்லையாக "வண்டில் பாதை", "ஒழுங்கை" என்று எழுதப்பட்டிருக்கலாம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குலப் படங்களில் வண்டிற் பாதைகள் குறிக்கப்பட்டுள்ளன.

இ. தனித்தனியே போகாமல் கமக்காரர் அமைப்பு மூலம் விண்ணப்பியுங்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை ஏக்கர் வயல், எந்த மாதங்களில் தேவை, எவ்வளவு அகலம் என்பவற்றைக் குறிப்பிட்டு, கையாற் கீறிய படம் ஒன்றையும் இணையுங்கள். பிரதி ஒன்றில் திகதி முத்திரை பெற்று வைத்திருங்கள்.

ஈ. காணி உரிமைக் கோரிக்கையையும் பாதைக் கோரிக்கையையும் ஒரே கடிதத்திற் கலக்காதீர்கள். இரண்டிற்கும் வெவ்வேறு ஆவணங்கள் வேண்டும்.

உ. அனுமதி கிடைத்தால் அதன் எல்லையை மீறாதீர்கள். ஒருவர் பாதையோரத்தில் மரம் தறித்தால் ஊர் முழுவதன் அனுமதியும் போய்விடும்.

பாதை கேட்பது பிச்சையன்று. அதேவேளை காடும் எவருடைய தனிச் சொத்துமன்று. குளத்திற்கு நீர் தருவது அந்தக் காடு. பிள்ளைகள் நாளை நடக்கவேண்டியது அந்தப் பாதை. இரண்டையும் காப்பாற்றும் வழி சற்று நீண்டதுதான். ஆனால் அந்த வழியாற் போனவர்களை எவரும் திருப்பி அனுப்பமுடியாது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்திற்கு அருகிலுள்ள காடு எந்த வகையைச் சேர்ந்தது? எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா?

2. முன்பு இருந்து இப்போது மூடிப்போன பாதைகளை மூத்தவர்களிடம் கேட்டு ஒரு படத்திற் குறியுங்கள். அவற்றுள் எவற்றிற்கு எழுத்துச் சான்று உண்டு?

3. வருடம் முழுவதும் தேவையான பாதை எது? போகத்திற்கு மட்டும் போதுமான பாதை எது?