முப்புரிக் கயிறும் ஒரு புரதமும்

கீரிமலைக்குப் போனால் கேணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை கரையில் வள்ளம் கட்டியிருக்கும் கயிற்றையும் பாருங்கள். மூன்று புரி. ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கும். அதனால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை.

நமது எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதமும் அப்படியே. அதன் மூன்று சங்கிலிகளும் தனித்தனியே இடஞ்சுழியாகவும், ஒன்றுசேர்ந்து வலஞ்சுழியாகவும் சுற்றியுள்ளன. விலங்குகளின் கொலாஜனைச் சூடாக்கிப் புரிகளைப் பிரித்தால் கிடைப்பது ஜெலட்டின். ஜெலி வாங்கும்போது உம்மா பெட்டியைத் திருப்பி ஹலால் முத்திரை தேடுவது இதற்காகத்தான்.

இந்த மூன்று சங்கிலி அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த படம்தான் அவர்களுக்குச் சான்று. சுருள் முறுக்கை மறு ஆண்டு சேர்த்தார்கள். பந்தும் குச்சியும் பொருத்திய மாதிரிகளையே அன்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இன்று வீட்டு மடிகணினி போதும்.

புரதத் தரவு வங்கி 1971இல் தொடங்கியது, இலவசம். அதில் '1சிஏஜி' என்ற கோப்பை இறக்குங்கள். கொலாஜன் போலச் செய்த சிறு புரதம் அது. சங்கிலிக்கு 30 அமினோ அமிலங்கள். கோப்பில் அணுவுக்கு ஒரு வரி. வரியின் 31 முதல் 54 வரையான எழுத்துகளில், எட்டு எட்டாக, அணுவின் மூன்று ஆள்கூறுகள் இருக்கும். அலகு ஆங்ஸ்ட்ரம், அதாவது மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு. பைதன் மொழியில் வரிகளை வாசித்து, மேட்பிளொட்லிப்பில் முப்பரிமாணப் புள்ளிகளாக இடுங்கள். சங்கிலிக்கு ஒரு நிறம் கொடுங்கள். 1.9 ஆங்ஸ்ட்ரமுக்குள் இருக்கும் இரு அணுக்களுக்கிடையே கோடு இழுத்தால் பிணைப்புகள் தெரியும்.

இங்கே பலர் இடறுவர். 'ஏட்டம்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் வாசித்தால் சங்கிலி துண்டு துண்டாகத் தெரியும். புரதத்தில் குறையில்லை; ஐதரொட்சிபுரோலீன் 'ஹெட்டேட்டம்' வரிகளில் இருக்கிறது. அவற்றையும் சேர்க்க வேண்டும். அங்கேயே தண்ணீரும் இருக்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இனிப் படத்தைத் திருப்பி, கயிற்றை வெட்டுமுகத்தில் பார்ப்பதுபோல அச்சு வழியே பாருங்கள். மூன்றாவது அமினோ அமிலம் ஒவ்வொன்றும் நடுவே வருகிறது. அங்கே இடம் மிகக் குறைவு. பக்கக் கிளையாக ஓர் ஐதரசன் மட்டுமே கொண்ட கிளைசீன்தான் அங்கே அடங்கும். பாடநூலில் மனனம் செய்த 'மூன்றுக்கொரு கிளைசீன்' ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இந்தக் கோப்பில் ஒவ்வொரு சங்கிலியிலும் 15ஆவது இடத்தில் கிளைசீனுக்குப் பதில் சற்றே பெரிய அலனீனை வைத்திருக்கிறார்கள். எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோயுள்ள பிள்ளைகள் பலரிடம் கொலாஜனில் இப்படி ஒரு கிளைசீன்தான் மாறியிருக்கும். அலனீனைச் சிவப்பாக்குங்கள். விட்டுவைத்த தண்ணீரை இப்போது நீலமாகச் சேருங்கள். சிவப்புக்கு அருகே புரிகள் கொஞ்சம் விலகி நிற்கின்றன. அந்த இடைவெளியில் நீலப் புள்ளிகள் புகுந்திருக்கின்றன.