கணிப்பொறிக்கும் லைன் கிளியர் வேண்டும்

நூலகத்தில் சந்திக்கும் நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், விண்டோஸ் 10-க்குப் பராமரிப்பு நின்றுவிட்டதாமே! புதுக் கணிப்பொறி வாங்கத்தான் வேண்டுமா? லினக்ஸ் போட்டால் போதும் என்கிறான் பேரன். எதைச் செய்வது?"

நான் இரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கணிப்பொறி நிபுணன் அல்லன். கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை மட்டும் சொல்கிறேன்.

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பராமரிப்பு நின்றால் கணிப்பொறி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. 2016இல் எஸ்.பி. ரோட்டில் நான் வாங்கிய கணிப்பொறி இதில் தேறவில்லை.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பி-க்குப் பராமரிப்பு நின்றபோது, தமிழக அரசு தன் துறைகளைப் 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. அதற்கும் முன்பே, 2007 வாக்கில், திரு. சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. கேரளப் பள்ளிகளிலும் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம்.

திறந்த மூலம் என்றால் என்ன? ஸ்டேஷன் ரிலே அறையில் சர்க்யூட் வரைபடம் இருக்கும். பழுது வந்தால் பயிற்சி பெற்ற எவரும் அதைப் பார்த்துச் சரிசெய்யலாம். முத்திரையிட்ட பெட்டி என்றால் செய்த கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். லினக்ஸ் முதல் வகை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். விண்டோஸ் இரண்டாம் வகை. முத்திரையிட்ட பெட்டி என்பதால் மட்டும் அது மட்டமானதும் அன்று. வரைபடம் திறந்திருப்பதால் மட்டும் லினக்ஸில் ஓட்டையே வராது என்பதும் அன்று. இரண்டுக்கும் பராமரிப்பு தேவை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்குக்கூட வழக்கமான பராமரிப்பு ஐந்தாண்டுதான். பிறகு அடுத்த பதிப்புக்கு மாற வேண்டும். ஆனால் அதற்குக் கட்டணம் இல்லை.

ஆகவே விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளில் வீட்டார் செய்யும் வேலைகளை எழுதுங்கள்.

இணையம், மின்னஞ்சல், வங்கி, யூடியூப், கடிதம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும். லிப்ரே ஆபீஸ் அதில் இலவசமாகக் கிடைக்கும்.

கடைக்கணக்கை டாலியில் எழுதுகிறீர்களா? மகன் ஆட்டோகேட் படிக்கிறானா? அப்படியானால் விண்டோஸே வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்கு வைத்திருக்கும் கைரேகைக் கருவி லினக்ஸில் வேலை செய்யுமா என்பதையும் முன்னதாகவே பாருங்கள். கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் அச்சான்று பெறலாம் என்பதால், இது ஒன்றுக்காக மட்டும் தயங்க வேண்டாம்.

தமிழ் எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உண்டு. கன்னடமும் உண்டு, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கு அது அவசியம் அல்லவா?

அடுத்தது சோதனை ஓட்டம். 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். எதையும் நிறுவாமலே வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிடலாம். சற்று மெதுவாக ஓடும். அதற்காகக் கலங்க வேண்டாம். நான்கு ஜி.பி. ரேம் இருந்தால் மின்ட் ஓடும். எட்டு இருந்தால் நன்று.

இப்போது நான் கையைச் சுட்டுக்கொண்ட கதை. சோதனை நன்றாக முடிந்த உற்சாகத்தில், நிறுவும்போது திரையில் வந்த கேள்வியைச் சரியாகப் படிக்காமல், 'டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டேன். பத்து நிமிடத்தில் லினக்ஸ் அழகாக வந்தது. என் மூத்த மகளின் திருமணப் படங்கள் போயின. அதில் ஒன்றில் என் தாயார் பேத்திக்குப் பூச் சூட்டிக்கொண்டிருப்பார். அவர் எடுத்துக்கொண்ட கடைசிப் படம் அது. சம்பந்தி வீட்டில் சில படங்கள் கிடைத்தன. அந்தப் படம் கிடைக்கவில்லை.

லைன் கிளியர் பெறாமல் வண்டியை அனுப்பக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் பிறருக்குச் சொன்னவன் நான். என் வீட்டு மேசையில் அதைச் செய்யவில்லை. தவறு லினக்ஸினுடையதும் அன்று, விண்டோஸினுடையதும் அன்று. எனவே எதைத் தேர்ந்தாலும், முதலில் படங்களையும் பத்திரங்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். அதன் பிறகே நிறுவும் பொத்தானைத் தொடுங்கள்.

ஐயமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். வேலைகளை எழுதிய தாளையும் ஒரு பென் டிரைவையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.