இடித்த சுவருக்கும் கணக்கு உண்டு

கொள்முதல், இருப்பு, கடன் எல்லாவற்றுக்கும் பேரேடு வைத்திருக்கிறோம். கடையை விரிவாக்க ஒரு சுவரை இடித்தால் மட்டும், அந்தக் கல்லும் காரையும் எங்கே போயின என்று நாம் கேட்பதில்லை. வரிச்சிக்குடி போன்ற சமதள ஊரில் அவை வாய்க்காலில் விழுந்தால், ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வடிய வழியின்றி நம் கிடங்குக்குள்தான் ஏறும். நனைவது நம் அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும்தான்.

முதலில் அளவைப் பார்ப்போம். 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குல கனமுள்ள சுவர் 75 கன அடி. இடித்தபின் குவியல் பெருகி ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது 100 கன அடியைத் தொடும். எடை சுமார் 4 டன்.

இது குப்பையன்று, சரக்கு. நமது காவிரிப் படுகையில் கருங்கல் கிடையாது. ஜல்லி எல்லாம் வெளியூரிலிருந்துதான் வருகிறது. டில்லி புராரியில் 2009ஆம் ஆண்டிலேயே கட்டட இடிபாட்டை அரைத்துப் பயன்படுத்தும் ஆலை தொடங்கியது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 400 டன் திறனுள்ள ஆலைகள் அமைந்தன. இடிபாட்டிலிருந்து எடுத்த ஜல்லியைக் கான்கிரீட்டில் குறிப்பிட்ட அளவு சேர்க்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் 2016இல் ஏற்றுக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது? இடிபாட்டைச் சாலையிலும் வடிகாலிலும் போடக்கூடாது என்று 2016 விதிகளே கூறிவிட்டன. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியவை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள கட்டடங்களின் கழிவுக் கணக்கு இணையதளம் வழியே பதிவாக வேண்டும். நம் கடைகள் அந்த வரம்பில் வாரா. ஆகவே நம் கணக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். கையிலுள்ள செல்போனே அதற்குப் போதும்.

1. இடிக்கும் முன்பே முழுச் செங்கல், கதவு, ஜன்னல், கம்பி ஆகியவற்றைப் படம் எடுத்து, உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அளவோடு போடுங்கள். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார்.

2. கான்கிரீட், செங்கல் காரை, மண், இரும்பு மரம் பிளாஸ்டிக் என நான்கு குவியலாகப் பிரியுங்கள். கலந்த குவியலை யாரும் வாங்கமாட்டார்கள். பிரித்த செங்கல் காரை தரை மட்டம் நிரப்ப உதவும்.

3. எங்கே கொட்டுவது என்பதைக் கொம்யூன் பஞ்சாயத்தில் கேட்டு முடிவு செய்தபின் வண்டி பேசுங்கள். இறக்கிய இடத்தில் தேதியும் இடமும் பதியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கூலியை அன்றே செல்போன் மூலம் அனுப்பிவிடுங்கள்.

4. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்துத் தனியே இறக்குங்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

படம் கேட்பது வண்டிக்காரரை வேவு பார்ப்பதற்காக அல்ல. “எங்காவது கொட்டிவிட்டுப் போ” என்று குறைந்த கூலியைக் கொடுத்துவிட்டு, பழியை அவர் தலையில் போடுவது வணிக நேர்மை ஆகாது. இடத்தைச் சொல்வது நம் கடமை. அங்கே போய்வரும் தூரத்துக்கு உரிய கூலியைத் தருவதும் நம் கடமை. சுவர் இடிக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முகத்துணியும், தூசு அடங்கத் தண்ணீரும் கொடுப்பது அதே கணக்கில் சேர்ந்த செலவு.

அடுத்த முறை கடையில் கடப்பாரை விழும் முன், கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எவ்வளவு இடித்தோம், யாருக்குக் கொடுத்தோம், எங்கே இறக்கினோம் என்ற மூன்று வரி போதும். வாய்க்கால் திறந்திருந்தால்தான் மழைக்காலத்திலும் நம் கடை திறந்திருக்கும்.