திரையில் வரைந்த கிராதி

மதில் மறைத்துக் காக்கும். இரும்புக் கிராதியோ மறைக்காமல் காக்கும். வீட்டின் முகப்பிலும் பூங்காவின் ஓரத்திலும் நிற்கும் கிராதி வழியே காற்று நுழைகிறது, பார்வை நுழைகிறது. ஆள் மட்டும் நுழைவதில்லை. எனவே கிராதியில் இரும்பை விட வெற்றிடமே மிகுதி. அதனை வடிவமைப்பவர் கம்பிகளோடு, கம்பிகளுக்கு இடைப்பட்ட வெளியையும் சேர்த்தே வரைகிறார். இந்த வரைவு இன்று பெரும்பாலும் கணினியில் நிகழ்கிறது. கருவி மாறினாலும் இரும்பின் இயல்பு மாறவில்லை. திரையில் எடையின்றி மிதக்கும் கோடு பட்டறையில் கம்பியாகும்போது என்னென்ன தடைகளைச் சந்திக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து வரைவதே இக்கலையின் உயிர்நாடி.

ஏட்டிலிருந்து திரைக்கு

கிராதிக்கு முதலில் வரைபடம், பிறகு உலை என்ற முறை பழையது. பிரான்சைச் சேர்ந்த இரும்புக் கலைஞர் ழான் டிஜூ, இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்திற்குப் பன்னிரண்டு சட்டங்கள் கொண்ட கிராதி ஒன்றைப் படைத்தார். தகட்டை அடித்துப் புடைத்த இலைகளும் வளைந்தோடும் சுருள்களும் அதன் சிறப்பு. தம் வடிவங்களை 1693ஆம் ஆண்டில் அவர் நூலாகவும் வெளியிட்டார். ஒருவர் வரைந்ததை வேறோர் ஊரின் கொல்லர் செய்து பார்க்க அத்தகைய நூல்கள் வழி திறந்தன.

கணினி வரைவின் தொடக்கத்தில் நிற்பவர் ஐவன் சதர்லாண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், 1963இல் ஸ்கெட்ச்பேட் என்னும் மென்பொருளை உருவாக்கினார். ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டு அதில் வரையலாம். ஓர் உருவை மூலமாக வரைந்து, அதன் படிகளை வேண்டிய இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் யாவும் தாமே திருந்தும். ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும் கிராதிக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறில்லை. வளைகோடுகளை வரைய உதவும் கணக்கு, மகிழுந்துத் தொழிலிலிருந்து வந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பணியாற்றிய பியேர் பெசியேவும் தனித்தனியே அதை வளர்த்தனர். இன்றைய வரைவு மென்பொருள்களில் இரு முனைப் புள்ளிகளையும் இரு கைப்பிடிப் புள்ளிகளையும் இழுத்து வளைக்கும் கோட்டுக்குப் பெசியேவின் பெயரே நிலைத்துவிட்டது.

கோட்டுக்குத் தடிமன் இல்லை, கம்பிக்கு உண்டு

இரு தூண்களுக்கு இடையே 2000 மி.மீ. அகலமுள்ள ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 12 மி.மீ. சதுரக் கம்பிகளை நெடுக்காக நிறுத்த வேண்டும். கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 100 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். 17 கம்பிகள் போதும் எனக் கணக்கு சொல்லும். கம்பிகள் 204 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 1796 மி.மீ. 18 இடைவெளிகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 99.8 மி.மீ. திரையில் இது தேறிவிடும். பட்டறையில் தேறாது. பற்றவைக்கும் சூட்டில் கம்பி சற்றே கோணினாலும் ஓர் இடைவெளி வரம்பைக் கடந்துவிடும். 18 கம்பிகளாக்கினால் இடைவெளி 93.9 மி.மீ. ஆகிறது, கை பிசகுவதற்குச் சற்று இடம் கிடைக்கிறது. ஒரு கம்பி கூடுவதால் ஏறும் எடையும் சிறிதே. 12 மி.மீ. சதுரக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிலோ இருக்கும்.

இந்த 100 மி.மீ. எங்கிருந்து வந்தது? குழந்தையிடமிருந்து வந்தது. சிறு குழந்தையின் உடல் நுழையும் சந்தில் தலை நுழையாமல் சிக்கிக்கொள்ளக் கூடும்; உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. ஆகவே, அந்தக் குறுக்களவுள்ள ஓர் உருண்டை எந்தச் சந்திலும் நுழையக் கூடாது என்பதைப் படிக்கட்டு, மாடிக் கைப்பிடிகளுக்குப் பல நாடுகளின் கட்டட விதிகள் அளவுகோலாகக் கொண்டுள்ளன. குழந்தைகள் நடமாடும் இடத்து வேலிக்கும் அதைக் கைக்கொள்வது அறிவுடைமை.

நேர்க்கம்பிகளை மட்டும் நிறுத்தினால் இது எளிது. அழகு சேரும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது. நடுவில் ஒரு பூ வைப்பதற்காக ஒரு கம்பியை எடுத்துவிட்டால் அங்கே ஏறத்தாழ 200 மி.மீ. வாய் திறக்கிறது, அதைச் சுருள்களும் இதழ்களும் அடைத்தாக வேண்டும். இரு சுருள்கள் முதுகோடு முதுகு தொடும் இடத்தில் கீழ்நோக்கிக் குறுகும் பிளவு உண்டானால் அதில் கழுத்து சிக்கலாம். தாழ்வான உயரத்தில் குறுக்காக ஓடும் கொடி, ஏறுவதற்குப் படியாகிவிடும். இவற்றைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. 100 மி.மீ. குறுக்களவுள்ள சிவப்பு வட்டம் ஒன்றைத் திரையில் வரைந்து, ஒவ்வொரு சந்திலும் இழுத்து வைத்துப் பார்க்க வேண்டும். வட்டம் எங்கேனும் கம்பியைத் தொடாமல் நின்றால் அங்கே வடிவம் தோற்றது என்று பொருள். பூ எவ்வளவு அழகாயினும் அதை மாற்றுவதே முறை.

சுருளின் நீளம்

ஒரே சீரான இடைவெளியில் சுற்றும் சுருள் கொசுவத்தியைப் போலத் தோன்றும். வெளியே அகன்று உள்ளே இறுகும் சுருளே பெரணியின் இளங்குருத்துப் போல உயிர்ப்புடன் இருக்கும். ஆயினும் மிகவும் இறுகினால் வண்ணத் தூரிகை உள்ளே செல்லாது. துரு முதலில் குடியேறும் இடம் அதுவே.

சுருளுக்கு எவ்வளவு கம்பி வெட்டுவது? சுண்ணக்கட்டியால் வரைந்த சுருளின் மேல் நூலை ஒட்டி வைத்து, பின்பு அந்நூலை நீட்டி அளப்பது கொல்லர் வழக்கம். வளைக்கும்போது கம்பியின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. நடுக்கோடு ஏறத்தாழ மாறுவதில்லை. எனவே நூலை நடுக்கோட்டின் மேல்தான் வைக்க வேண்டும். மென்பொருளும் அதே நடுக்கோட்டை அளந்து நீளத்தை உடனே சொல்லிவிடும். வெளிக்கோட்டை அளந்துவிட்டால் பிழை பெருகும். ஒரு சுருளில் 20 மி.மீ. பிழை என்றால், 38 சுருள்கள் கொண்ட சட்டத்தில் 760 மி.மீ. கம்பி வீணாகும்.

வெட்டும் பொறிக்கு

கம்பியை வளைக்காமல், தகட்டை லேசர் கதிராலோ பிளாஸ்மாச் சுடராலோ வெட்டிச் செய்யும் கிராதிகள் இன்று பெருகிவிட்டன. இங்கே வரைபடமே பொறிக்கு நேரடியான ஆணை. வட்டத்துக்குள் ஒரு மீனை வரைந்து சுற்றிலும் வெட்டச் சொன்னால், மீன் தரையில் விழும். அதைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு பாலங்களை வரைபவரே விட வேண்டும். வாலும் துடுப்பும் வளையத்தைத் தொடுமாறு வரைந்தால் பாலம் பாலமாகவே தோன்றாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரு கோடுகள் கிடந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். பொறியோ இருமுறை வெட்டி விளிம்பைக் கெடுக்கும். அங்குலத்தில் வரைந்த கோப்பை மில்லிமீட்டராகத் திறந்தால் உருவம் 25.4 மடங்கு சுருங்கி வந்து நிற்கும். சுடர் உருக்கும் அகலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரிவான நிலத்தில் சட்டத்தை நிலத்தோடு சாய்க்க நேரும். கணினியில் ஒரே கட்டளையில் சாய்த்துவிடலாம். நெடுங்கம்பிகள் நேராகவே நிற்கும், இடைவெளியும் மாறாது. ஆனால் வட்டங்கள் கோழிமுட்டையாகிவிடும். வட்டத்தை மட்டும் தனியே எடுத்து மீண்டும் வரைவதே தக்கது.

துருவைத் தடுக்கச் சட்டத்தைத் துத்தநாகக் குழம்பில் தோய்ப்பதுண்டு. குழம்பின் வெப்பம் ஏறத்தாழ 450 பாகை செல்சியசு. சட்டத்தில் இருபுறமும் மூடிய குழாய் இருந்தால், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கக் கூடும். காற்று வெளியேறும் துளைகளை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

வரைபடம் பட்டறையை அடைந்ததும் கொல்லர் முதலில் ஒரு சுருளை மட்டும் வளைத்துப் பார்ப்பார். அதை முழு அளவில் அச்சிட்ட படத்தின் மேல் வைத்தால், உள்சுற்று படத்தில் உள்ளதைவிடச் சற்று அகன்றிருப்பது தெரியலாம். அந்தக் கம்பி அதற்கு மேல் இறுகாது. படத்தைக் காட்டி அவரை வற்புறுத்துவதால் பயனில்லை. மூல உருவில் அந்த ஒரு சுருளைத் திருத்தினால் ஏனைய 37 சுருள்களும் அக்கணமே அவர் கையின் வளைவுக்கு மாறும். சிவப்பு வட்டத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை எல்லாச் சந்துகளிலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.