பள்ளிக்கூடம் மீண்டும் திறக்கும்போது



விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் பிள்ளைக்குச் சட்டையை மாட்டி, பையைத் தோளில் தொங்கவிட்டு, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிறோம். அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் அந்தப் பிள்ளை யார் கையில் இருக்கிறது? "வாத்தியார் கையில்" என்று உடனே சொல்லிவிடுவோம். அது பாதிதான் சரி. வேன் ஓட்டுகிறவர், கேட்டில் நிற்கும் ஜாகா, வகுப்பறையைக் கூட்டித் துடைக்கும் அம்மா, கேண்டீனில் சமைக்கிறவர், ஆபீசில் இருக்கும் கிராணி, புல் வெட்டுகிறவர் ஆகிய இத்தனை பேர் கையிலும் அந்தப் பிள்ளை இருக்கிறது. இவர்களில் பலர் நம் லயத்திலேயே குடியிருப்பவர்கள்; நம் சொந்தபந்தங்கள்.

ஆகவே, தொற்றுநோயால் மூடிய பள்ளிக்கூடம் திரும்பவும் திறக்கிறபோது அங்கே வேலை செய்கிறவர்கள் என்னென்ன காப்புமுறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். பள்ளியில் வேலை செய்யாதவர்களும் இதைப் படிக்க வேண்டும். எது சரியான முறை என்று தெரிந்தால்தான் அது நடக்கிறதா என்று கேட்க முடியும்.

நடந்து முடிந்ததை ஏன் பேசுகிறோம்?

கோவிட்-19 நோய்க்காக நம் நாட்டில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஜூன் 24-ஆம் தேதி, பெரிய தேர்வு எழுதும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் முதலில் திரும்பினார்கள். நம் தொடக்கப் பள்ளிகளில் 5, 6-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் ஜூலை 15-ஆம் தேதியும், 1 முதல் 4-ஆம் ஆண்டு வரையிலான பிள்ளைகள் ஜூலை 22-ஆம் தேதியும் வந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் நோய் மீண்டும் பெருகி, பள்ளிகள் மூடப்பட்டன. 2021 மார்ச்சில் திறந்தார்கள். ஆண்டின் நடுவில் திரும்பவும் மூடினார்கள். அக்டோபரிலிருந்து படிப்படியாகத் திறந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதிதான் அந்த நோயின் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது.

இன்று அந்த ஆணைகள் இல்லை. ஆனால் கிருமி போய்விடவில்லை. இன்ஃபுளுவென்சா காய்ச்சலும், கை, கால், வாய் நோயும் பள்ளிகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாளைக்கு இன்னொரு புது நோய் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

நோய் எப்படித் தாவுகிறது?

கோவிட் போன்ற நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகப் பரவுகிறது. ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் ஒருவர் சுருட்டுப் பிடித்தால் என்ன ஆகும்? மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புகை போய்ச் சேரும். ஜன்னலையும் கதவையும் திறந்தால் புகை கலைந்துவிடும். நோயாளியின் மூச்சில் வரும் கிருமியும் அப்படித்தான். அவர் சத்தமாகப் பேசினால், பாடினால், இருமினால் இன்னும் அதிகமாக வெளியே வரும்.

தொடக்கத்தில் மேசை நாற்காலியைத் துடைப்பதிலேயே எல்லாரும் குறியாக இருந்தார்கள். காற்றோட்டந்தான் அதைவிட முக்கியம் என்பது பிறகு தெளிவாயிற்று. அதற்காகத் துடைப்பதை விட்டுவிடக்கூடாது. கை, கால், வாய் நோய் எச்சில், மலம், கொப்புள நீர் வழியாகக் கையிலும் விளையாட்டுச் சாமானிலும் ஒட்டிப் பரவுகிறது. அதற்குத் துடைப்பதும் சோப்பும் அவசியம்.

இன்னொரு செய்தி: கோவிட் வந்தவர், தமக்குக் காய்ச்சல் தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பக்கூடும். கேட்டில் சூடு பார்க்கும் கருவி இவரைப் பிடிக்காது. "சூடு பார்த்தாச்சு, இனி பயமில்லை" என்று நினைத்து மற்ற முறைகளைக் கைவிட்டால் ஏமாந்துபோவோம்.

வேலைக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியவை

1. உடம்பு சரியில்லாதவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். 37.5 டிகிரியோ அதற்கு மேலோ சூடு, இருமல், தொண்டைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் பள்ளி வாசலை மிதிக்கக்கூடாது. தலைமையாசிரியர் முதல் கூட்டுகிற அம்மா வரை எல்லாருக்கும் இது ஒன்றுதான். எல்லாவற்றிலும் பெரிய விதி இதுவே. கைக்கொள்ளக் கடினமானதும் இதுவே. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

2. வேனில்: ஜன்னல்களைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். மழை நாளிலும் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். தினமும் ஒரே பிள்ளை ஒரே இடத்தில் உட்காரட்டும். யாருக்காவது நோய் வந்தால், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும்.

3. கேட்டில்: பிள்ளைகள் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக வர வேண்டும். ஜாகா முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். சூடு அதிகமுள்ள பிள்ளையை எல்லார் முன்னாலும் அதட்டக்கூடாது. பயந்துபோன பிள்ளை அடுத்த முறை உடம்பு முடியாததை மறைத்துவிடும்.

4. வகுப்பறையில்: இரண்டு பக்கத்து ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் காற்று வந்தால் மறுபக்கம் போக வழி வேண்டும். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். ஆசிரியர்கள் பலர் பாடம் சொல்லும்போது முகக்கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொள்வார்கள். சத்தமாகப் பேசுகிற அந்த நேரத்தில்தான் அது மூக்கையும் வாயையும் மூடியிருக்க வேண்டும்.

5. கை கழுவும் இடத்தில்: தண்ணீர் மட்டும் போதாது, சோப்பு வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து 20 விநாடி கழுவ வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் பீப்பாயில் பிடித்து வைத்து, பெரியவர் ஒருவர் குவளையால் மொண்டு ஊற்றட்டும். பிள்ளைகள் பீப்பாய்க்குள் கையை விடக்கூடாது. கையில் தடவும் ஆல்கஹால் தூய்மி கோவிட்டுக்கு உதவும். ஆனால் கை, கால், வாய் நோய்க் கிருமிக்கு அதை நம்பி இருக்க முடியாது. அதற்குச் சோப்புத்தான்.

6. துடைக்கும்போது: கதவுப் பிடி, மேசை, குழாய்த் திருகு, மின்விசிறி சுவிட்ச் போன்ற பலர் தொடும் இடங்களைத் தினமும் துடைக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு, குளோரோக்ஸ் போன்ற 5 விழுக்காட்டு வெளுப்பு நீராக இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது 4 தேக்கரண்டி கலந்து துடைக்க வேண்டும். 10 நிமிடம் ஈரமாக விட்டு, பின்பு நல்ல தண்ணீரால் துடைக்கலாம். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கக்கூஸ் கழுவும் திராவகத்தோடு வெளுப்பு நீரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆட்கள் மேல் மருந்து தெளிப்பதும் வேண்டாம். அது கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது.

7. கேண்டீனில்: 2020-இல் பள்ளி திறந்தபோது கூட்டம் சேராமலிருக்கப் பிள்ளைகளை வகுப்பிலேயே சாப்பிட வைத்தார்கள். நோய்க் காலத்தில் இது நல்ல முறை. சமைக்கிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவர் அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது. பிள்ளைகள் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் குடிக்கக்கூடாது.

8. ஆசிரியர் அறையில்: இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் கவனமாக இருக்கும் ஆசிரியர்கள், ஓய்வு நேரத்தில் சின்ன அறையில் கூடி, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துப் பேசுவார்கள். பெரியவர்களுக்குள் நோய் பரவ அதுவே வழி. அங்கேயும் ஜன்னல் திறந்திருக்கட்டும். சாப்பாட்டைத் தள்ளி உட்கார்ந்தோ, வெளியில் வைத்தோ சாப்பிடட்டும்.

9. பள்ளியில் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால்: காற்றோட்டமான தனி இடத்தில் உட்கார வைக்க வேண்டும். முகக்கவசம் அணிந்த ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். உடனே வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

சம்பளம் போகுமே, என்ன செய்வது?

முதல் விதி கடினம் என்று சொன்னோம். பல பள்ளிகளில் துப்புரவு வேலையும் ஜாகா வேலையும் குத்தகைக்காரர் மூலமாக நடக்கின்றன. அந்த வேலைக்குப் போகிற அக்காவுக்குக் காலையில் உடம்பு கொதிக்கிறது. "ஒரு நாள் போகலேன்னா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க, ரெண்டு பனடோல் போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்துடலாம்" என்று கிளம்புகிறார். அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அவர் துடைக்கிற வகுப்பறையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கேதான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், 2 முதல் 5 ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு 18 நாளும், 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. குத்தகைக்காரரிடம் தொழிலாளியாக வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். இரண்டு காரியங்களை மட்டும் மறக்கக்கூடாது. டாக்டரிடம் போய் எம்.சி. வாங்க வேண்டும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்துவிட்டால் அனுமதியில்லாமல் வராதவர் என்று கணக்கு வைத்துவிடலாம். ஆகவே போனில் எழுத்தாக அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

எம்.சி. எடுப்பதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொற்றுநோய்க் காலத்தில் வீட்டில் இருப்பதும் பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற ஒரு வேலைதான்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காய்ச்சலுள்ள பிள்ளைக்குப் பனடோல் கொடுத்துச் சூட்டைத் தணித்து வேனில் ஏற்றிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பத்து மணிக்கு மருந்து வேகம் தணிந்ததும் காய்ச்சல் திரும்பும்; அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் கொடுத்தாகிவிடும்.

பால் வெட்டுக்கும் குலை வெட்டுக்கும் போன இடத்தில் போன் கிடைக்காமல் போகலாம். ஆகவே ஆயாவின் நம்பரோ, பக்கத்து வீட்டு நம்பரோ ஒன்றைப் பள்ளியில் கொடுத்து வையுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர் இருந்தால், பள்ளி விட்டு வந்த பிள்ளை கைகால் கழுவிச் சட்டை மாற்றிய பிறகு அவர்களிடம் போகட்டும். சளி பிடித்த பிள்ளையைச் சில நாள் பாட்டியோடு படுக்க விடாதீர்கள். பிள்ளையை விட அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தடுப்பூசி எது, யாருக்கு வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது இந்த ஐந்தையும் எழுதி எடுத்துப் போங்கள்.

1. கை கழுவும் குழாய்களில் தண்ணீர் வருகிறதா? சோப்பு தீர்ந்தால் யார் வாங்கி வைப்பது?
2. திறக்க முடியாத ஜன்னல் எத்தனை? எப்போது பழுது பார்ப்பீர்கள்?
3. துப்புரவு செய்கிறவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுக்கிறீர்களா? மருந்து கலக்கும் அளவை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக் கொடுத்தீர்களா?
4. அவர்களில் ஒருவர் எம்.சி. எடுத்தால் மாற்று ஆள் உண்டா?
5. நோய்ப்பட்ட பிள்ளையை உட்கார வைக்கும் இடம் எது?

பணிவாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்த மாதங்களில், ஒரே ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுப் படித்த கஷ்டம் நமக்கு மறந்திருக்காது. திறந்த பள்ளி திறந்தே இருக்க வேண்டுமானால், கேட்டில் நிற்பவர் முதல் கரும்பலகை முன் நிற்பவர் வரை எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். அவர்களை நலமாக வைத்திருப்பதில் நமக்கும் பங்கு உண்டு.