சந்தா முடியும் முன் சான்று

அன்புள்ள மருமகனுக்கு,

உங்கள் கம்பெனி வைத்திருக்கும் கிளவுட் செயலியை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது, உள்ளே கிடப்பதையெல்லாம் புதிய செயலிக்கு மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. தகவல் பத்திரமாகப் போய்ச் சேர்வது ஒன்று, நாளைக்குக் கோர்ட்டில் அது எடுபடுவது வேறொன்று. செயலி நிற்கும் நாளையே வழக்கு விழுந்த நாளாக எண்ணி, சான்றுக்கு வேண்டியதை அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

செயலிகள் நின்றுபோவது புதிதல்ல. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. ஸ்கைப் 2025 மே மாதத்தோடு போயிற்று. வழக்குக்காக மின்னஞ்சல்களைத் தேடி எடுத்துத் தருவதற்கென்றே இருந்த பழைய இ-டிஸ்கவரி கருவிகளையும் மைக்ரோசாஃப்ட் அதே 2025இல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதன்மேல் விசாரணை, அப்பீல் என்று ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளை வரை போனால் எத்தனை வருடம் ஆகும் என்று உனக்கே தெரியும். செயலியின் ஆயுளைவிட வழக்கின் ஆயுள் நீளம்.

சட்டம் கேட்பதைப் பார். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதை உறுதிப்படுத்தியபோது, சான்றிதழுக்குப் பதில் பொறுப்பாளரின் வாய்மொழிச் சாட்சியமே போதும் என்ற நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் சரியல்ல என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு இன்னும் கறார். சான்றிதழுக்கு இரண்டு பாகம்: ஒன்றில் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீடு, கேட்கிறார்கள். ஆவணம் உருவான காலத்தில் கருவி ஒழுங்காக ஓடியது என்று யாராவது பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். செயலியும் போய், அதைப் பார்த்துக்கொண்ட அட்மினும் வேலை மாறிப் போன பிறகு யார் சொல்வது?

சான்றிதழ் கிடைக்காவிட்டால் கோர்ட் விலக்குத் தராதா என்பாய். அர்ஜுன் வழக்கில் தந்ததுதான். ஆனால் அங்கே சான்றாகக் காட்டிய வீடியோ தேர்தல் அதிகாரிகள் கையில் இருந்தது. சான்றிதழ் கேட்டு முடிந்தவரை முயன்றும் கிடைக்காதவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. சாவியைத் தன் கையிலேயே வைத்திருந்து, கணக்கை மூடவும் விட்ட கம்பெனி அதை எந்த முகத்தோடு கேட்கும்?

மாற்றித் தரும் நிறுவனம் எல்லாவற்றையும் அப்படியே தரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஏப்ரல் 1 அதிகாலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து ஒருவர் மல்லிகை விலையை ஒப்புக்கொண்டு செய்தி போடுகிறார் என்று வை. எக்ஸ்போர்ட் கோப்பு உலகப் பொது நேரத்தில் வந்தால், அதில் மார்ச் 31 இரவு 11.30 என்று நிற்கும். நிதியாண்டே மாறிப்போகிறது. செய்தியோடு இணைத்த பில் பல செயலிகளில் வெறும் லிங்க்காகத்தான் வெளியே வரும். கணக்கு மூடியதும் அந்த லிங்க் எங்கும் போகாது. கோப்பின் வடிவத்தை மாற்றினால் ஹேஷும் மாறிவிடும். ஆகவே முதலில் மூல வடிவத்திலேயே எடு, ஹேஷ் குறித்துக்கொள், அதன்பின் புதிய செயலிக்கு மாற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவும், மின்னணு ஆவணத்தோடு அது எங்கிருந்து, எங்கே, எப்போது போனது என்ற விவரமும் நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று உங்கள் முதலாளி சொல்லக்கூடும். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் குறைந்தபட்ச வரம்பு 2018இலேயே மூன்று லட்சத்துக்கு இறங்கிவிட்டது. மாசி வீதி மொத்தக் கடைகளில் அது பெரிய தொகையே அல்ல. அவ்வகை வழக்கில் பிரிண்ட் அவுட் கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் அது எந்த மூலத்திலிருந்து வந்தது, கணினி யார் பொறுப்பில் இருந்தது என்று பிரமாணம் செய்தாக வேண்டும். பிரிண்டர் அதைச் சொல்லாது.

வைத்திருந்தால் நமக்கே எதிராகத் திரும்புமே என்ற பயம் ஒன்று உண்டு; வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் ஒருவர் தன்னால் தரக்கூடிய சான்றைத் தராவிட்டால் அது அவருக்குப் பாதகமானது என்று கோர்ட் அனுமானிக்கலாம், அதே சாக்ஷ்ய அதினியத்தின் 119ஆம் பிரிவு. தனிநபர் தரவுச் சட்டத்தைக் காட்டி அழிக்கச் சொன்னாலும், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவைப்படும் தரவுக்கு அங்கே விலக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லவில்லை. தகராறு வரக்கூடிய ஒப்பந்தம், விலை, டெலிவரி சம்பந்தப்பட்டவை போதும்.

இப்போதைய அட்மினிடம், செயலி எப்படி ஓடியது, யார் யாருக்கு அனுமதி இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. நிபுணரை அழைத்து, எக்ஸ்போர்ட் நடக்கும்போதே பக்கத்தில் உட்காரவை. அதற்கு நாள் போதாவிட்டால் சந்தாவை ஒரு மாதம் நீட்டிக்கச் சொல். முதலாளி முணுமுணுத்தாலும் பரவாயில்லை. அதுவரை கணக்கை மூடச் சொல்லும் தாளில் நீ கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் தாய்மாமன்,
மதுரை