பழைய த்ரீ நாட் த்ரீ வாங்கப் போகும் மருமகனுக்கு

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கனடாவில் லைசென்ஸ் கையில் வந்தாயிற்று, நவம்பரில் கூட வேலை செய்கிறவர்களோடு மான் வேட்டைக்குப் போகிறாய், புது ரைஃபிளுக்குக் காசு இடிக்கிறது, பழைய பட்டாளத்து ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது, எதை எடுக்கட்டும் மாமா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவோ, "வேண்டாம்னு சொல்லுடா அவன்கிட்ட" என்று போனுக்கு மேல் போன். வாழ்நாளெல்லாம் போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்தவன் துப்பாக்கி வேண்டாம் என்று சொன்னால் நீ சிரிப்பாய். அதனால் வாங்கு. ஆனால் நான் சொல்லுகிறபடி வாங்கு.

முதலில் மூன்றாவது படத்தைத் தள்ளிவை. கடைக்காரர் அதை "கனடாவிலேயே செய்த சரக்கு" என்று புகழ்ந்திருப்பார்; உண்மைதான். சர் சார்லஸ் ராஸ் கியூபெக்கில் தொழிற்சாலை போட்டுச் செய்த ராஸ் ரைஃபிள் அது. குறி தப்பாது. முதல் உலகப்போரில் ஸ்னைப்பர்கள் கடைசிவரை அதைக் கைவிடவில்லை. ஆனால் 1915இல் ஈப்ர் களத்துச் சேற்றில் அதன் போல்ட் இறுகிக்கொண்டு, சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாயின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு ராஸை வீசியெறிந்தவர்கள் பலர். அதைவிட மோசம் ஒன்று உண்டு. 1910ஆம் ஆண்டு மாடலில் போல்ட்டைக் கழற்றித் துடைத்துத் தப்பாகச் சேர்த்தாலும் அது சமர்த்தாக உள்ளே போய்விடும், மூடியது போலவே இருக்கும், ஆனால் பூட்டு விழுந்திருக்காது. சுட்டால் போல்ட் நேராகப் பின்னால், முகத்துக்கு வரும். கழற்றி மாட்டக் கைப்பழக்கம் உள்ளவனிடம் அது நல்ல துப்பாக்கி. முதல் துப்பாக்கியாக உனக்கு வேண்டாம்.

முதல் படத்தில் இருப்பது முழு மரக்கட்டையோடு, யாரும் கை வைக்காத லீ என்ஃபீல்டு நம்பர் 4. பாடியின் இடப்பக்கத்தில் லாங் பிராஞ்ச் என்று அடித்திருக்கிறதே, அந்தத் தொழிற்சாலை நீ குடியிருக்கும் டொரண்டோ பக்கத்தில்தான் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்காக 1941 முதல் அங்கே செய்தார்கள். இரண்டாவது படமும் அதே சாதிதான், ஆனால் யாரோ முன்கட்டையைப் பாதியில் அறுத்து, பயனெட் மாட்டும் இடத்தை ராவி, குழலைக் குட்டையாக்கி, மேலே துளை போட்டு ஸ்கோப் மாட்டியிருக்கிறார்கள். ஸ்போர்ட்டர் என்று சொல்லுவார்கள். போர் முடிந்ததும் லட்சக்கணக்கில் மிஞ்சிய ரைஃபிள்களைச் சொற்ப விலைக்கு விற்றார்கள். பண்ணைக்காரர்கள் வாங்கி, கொட்டகையில் வைத்து ரம்பம் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாலு கிலோவுக்கு மேல் கனமுள்ளதைப் பனியில் நாள் முழுக்கச் சுமக்கிறவன் இரண்டு ராத்தல் குறைந்தால் கும்பிடத்தான் செய்வான். அப்போது அது மலிவு, இப்போது முழுசாக இருப்பது அருகிவிட்டது. ஆகவே முதல் படத்தில் உள்ளதை வாங்கினால் அதன் மேல் அரம் படக் கூடாது. வேட்டைக்கு மட்டும்தான் என்றால் இரண்டாவதை வாங்கு. அதில் வெட்ட வேண்டியதையெல்லாம் இன்னொருவன் ஏற்கெனவே வெட்டிவிட்டான். உன் மேல் பழி இல்லை.

பழசு என்றதும் மட்டமாக எண்ணாதே. வடதுருவப் பக்கம் காவல் பார்க்கும் கனடியன் ரேஞ்சர்ஸ் 1947 முதல் இந்த லீ என்ஃபீல்டைத்தான் தோளில் போட்டிருந்தார்கள். பனிக்கரடி வரும் ஊரில் அவர்கள் இதை நம்பினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் புது ரைஃபிள் கொடுத்தார்கள்.

இனி, பார்க்க வேண்டியவை. போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு எண் இருக்கும், பாடியில் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். குவியலிலிருந்து கைக்கு வந்த போல்ட்டை மாட்டி விற்கிறவர்கள் உண்டு. போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே இடைவெளி கூடினால் பித்தளைக் கூடு அடிப்பக்கத்தில் கிழியும். நம்பர் 4க்கு இதைச் சரிசெய்யவே 0, 1, 2, 3 என்று நாலு அளவில் போல்ட் ஹெட் செய்தார்கள். இந்த இடைவெளியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பார்த்துவிடு. அந்தக் காசில் கஞ்சத்தனம் ஆகாது. பிறகு குழலை வெட்டிய முனை. அங்கே ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசை போகும்.

காலேஜில் என்.சி.சி.யில் நீ தோளில் சாத்திக்கொண்டு நடந்த த்ரீ நாட் த்ரீயில் டி.பி. என்று அடித்திருந்ததைக் கவனித்தாயா? டிரில் பர்ப்பஸ். நடக்க மட்டும்தான், சுட அல்ல. அந்த எழுத்து, அல்லது அதை ராவி அழித்த தடம், எங்கே தெரிந்தாலும் கடையை விட்டு வெளியே வந்துவிடு. நம் நாட்டு இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலைச் சரக்கும் அங்கே கண்ணில் படலாம். முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி போயிருந்தால் அது இஷாப்பூர் வேலை. நம் வெயிலிலும் மழையிலும் மரம் பிளந்துவிடாமல் இருக்க நம் ஆட்கள் போட்டது. எனக்கு அந்தத் திருகாணியைப் பார்த்தாலே ஒரு சந்தோஷம்.

ரம்பம் போட்ட அந்தப் பண்ணைக்காரர்கள் மரத்தைத்தான் வெட்டினார்கள், ஸ்கோப்பைத்தான் மாட்டினார்கள். பட்டாளத்துத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியாக மாறுவது அங்கே இல்லை, குண்டில். 1895இல் சித்ரால் சண்டையில், முழுக்க உலோக உறை போட்ட .303 குண்டு எதிரியின் உடம்பில் ஊசிபோல் நுழைந்து வெளியேறிவிட, அடிபட்டவன் ஓடிவந்துகொண்டே இருக்கிறான் என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் முறையிட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் குண்டின் நுனி உறையை நீக்கி, பட்டதும் மலரும்படி செய்தார்கள். டம்டம் குண்டு என்று உலகமே அதைத் திட்டியது. 1899இல் ஹேக் மாநாடு மலரும் குண்டைப் போரில் தடுத்தது. வேட்டையிலோ நியாயம் தலைகீழ். பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்களில் பெரிய விலங்கை உறை போட்ட குண்டால் சுடுவதுதான் குற்றம், மலரும் குண்டுதான் வேண்டும். போரில் காயம்பட்ட சிப்பாயைத் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், அதுவும் லாபம். காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி மூன்று நாள் கழித்துச் செத்தால் உனக்கு இறைச்சியும் இல்லை, அதற்கு நிம்மதியும் இல்லை. ஆகவே பெட்டி பெட்டியாக மலிவாக விற்கும், உறை போட்ட பழைய பட்டாளத்து மார்க் 7 தோட்டா குறிப்பலகைக்கு மட்டும். காட்டுக்குப் பட்டதும் மலரும் ஸாஃப்ட் பாயிண்ட் வாங்கு. இன்னொன்று, ஈயக் குண்டு உள்ளே சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றிய சதையில் தங்கும். அந்த இடத்தை அகலமாக வெட்டி எறி. குழந்தைகள் சாப்பிடும் வீட்டுக்குச் செம்புக் குண்டு இன்னும் நல்லது.

அந்தப் பழைய தோட்டாவில் இன்னொரு வில்லங்கம். அதன் கேப்பில் உள்ள மருந்து எரிந்தால் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு படியும். உப்பு. உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா? காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு ராத்திரியில் துரு ஏற்றிவிடும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் குழலில் ஊற்றி, புல்த்ரூவில் துணி கட்டி உலரும்வரை இழுத்து, அதன் பிறகுதான் எண்ணெய். இந்த ஒன்றுக்காக எங்கள் கிடங்கில் பையன்களிடம் நான் போட்ட சத்தம் கொஞ்சமல்ல.

நம் மண்ணில் நீ இதில் எதுவும் செய்ய முடியாது என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாமல் இருக்கலாம். பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1இல், மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்து அறிக்கை விட்டார். அந்தப் பயம் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கடைசிவரை போகவில்லை. பட்டாளத்துத் தோட்டா திருடுபோய்த் தனியார் துப்பாக்கியில் ஏறிவிடும் என்று .303ஐச் சனங்களுக்கு மறுத்தார்கள். அதனால்தான் நம் ஊரில் வங்கிக் காவலாளி கையில் .315 பார்க்கிறாய். உள்ளே அதே லீ என்ஃபீல்டு போல்ட்தான், ஆனால் பட்டாளத்துத் தோட்டா நுழையாது. இஷாப்பூர் தொழிற்சாலையே செய்த ஸ்போர்ட்டர் அது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையை மூடியது. வல்லநாட்டு மலையில் போலீஸ் சுடும் தளமும் உண்டு, வெளிமான் சரணாலயமும் உண்டு. மானுக்குச் சத்தம் பழகிவிட்டது. விளாத்திகுளத்தில் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனாலும் விவசாயி சுட முடியாது, வனத்துறை ஆள்தான் வர வேண்டும். இது சரியா என்று என்னைக் கேட்காதே, இரண்டு பக்கமும் எனக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அதே சட்டத்தின் தடைப் பட்டியலில் 2001இல் கடல் அட்டையைச் சேர்த்தபோது நம் தெருவே புலம்பியதை உன் தாத்தா சொல்லியிருப்பார். சங்கு குளித்த காலத்தில், அளவு வளையத்துக்குள் நுழைந்துவிடும் பொடிச் சங்கைத் திரும்பக் கடலில் போட்ட கை அவருடையது. அந்தக் கட்டுப்பாடு உனக்கும் வேண்டும்: உன் லைசென்ஸில் ஒரு மான் என்று எழுதியிருந்தால் ஒன்றுதான். கூட வருகிறவர்கள் வேறு மாதிரிப் பேசினாலும்.

ஜிம் கார்பெட் பையனாக இருந்தபோது நைனிடாலில் பள்ளிக் கேடட் படையில் இருந்தார், உன்னைப் போல. அங்கிருந்த சார்ஜெண்ட் மேஜர் அவருக்குப் பட்டாளத்து .450 மார்ட்டினியை வேட்டைக்கு இரவல் கொடுத்தார். நிபந்தனை இரண்டே: துப்பாக்கி சுத்தமாக இருக்க வேண்டும், சுட்ட காலிக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும். சிறு பையனை அடித்துத் தள்ளும் துப்பாக்கி அது, ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாதான் போட முடியும். அதை வைத்துக்கொண்டு அவர் சிறுத்தையைச் சுட்டார். உன் லீ என்ஃபீல்டின் மேகசினில் பத்து ரவுண்டு போடலாம். காட்டுக்குப் போகும்போது பத்து இருக்கிறதே என்ற நினைப்புதான் கெடுக்கும், முதல் குண்டு அவசரத்தில் போகும். புதர்க்காட்டில் மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் நிற்கும். அதற்கு அப்பால் ஆசைப்படாதே. அந்தக் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், மானுக்குப் பின்னால் மண்மேடு தெரியாவிட்டால் விசையில் விரல் வைக்காதே. ஆரஞ்சு சட்டையும் தொப்பியும் சட்டத்துக்காக மட்டும் இல்லை.

ஒண்டாரியோவின் தெற்கே சில பகுதிகளில் மானுக்கு ரைஃபிளே கூடாது, ஷாட்கன்தான். நீங்கள் போகும் இடம் அதில் வருகிறதா என்று வாங்குவதற்கு முன் பார்த்துவிடு. இரண்டாவது படத்தில் உள்ளதின் போல்ட் எண்ணையும் பாடி எண்ணையும் வெளிச்சத்தில் வைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பு. வெட்டிய குழல் முனையையும் நேராகப் பிடித்து ஒரு படம். அதுவரை முன்பணம் கொடுக்காதே. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமா